யார் அந்த ‘ஆண்டவர்’? ஒரு வசனம், இரண்டு வேதாகமங்கள்

போன வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். ராத்திரி குடும்ப ஜெபத்தில் 110-ஆம் சங்கீதம். அம்மா தன்னுடைய பழைய பரிசுத்த வேதாகமத்தில் வாசித்தார். என் மனைவி கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய திருவிவிலியத்தில் விரல் வைத்து மகள் கூடவே படித்துக்கொண்டு வந்தாள். முதல் வசனத்திலேயே நிறுத்திவிட்டாள்.

“அப்பா, ஆச்சி புக்குல ஆண்டவர்ங்கிறவர் கேட்டுக்கிட்டு இருக்கார். அம்மா புக்குல ஆண்டவர்தான் பேசுறார். அப்போ யார் யார்கிட்ட பேசுறாங்க?”

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போட்டுப் பிரிந்தது இதே வசனத்தில்தான். சித்தப்பா அப்போது, இயேசு கடவுளுடைய மகன், ஆனால் கடவுள் இல்லை என்கிற முடிவுக்கு வந்திருந்தார். அப்பா, “தாவீது ராஜாவே அவரை ஆண்டவர்னு சொல்றார், நீ யாருடா?” என்றார். “மூலத்துல அது மனுஷங்களைச் சொல்ற வார்த்தை அண்ணே” என்றார் சித்தப்பா. அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டு ஜெபத்தில் உட்காரவே இல்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோதும் வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

யார் சொன்னது சரி? நான் சாஃப்ட்வேர்க்காரன். எபிரேயம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். தேடிப் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுதியிருப்பது ஒன்று, வாசிப்பது ஒன்று

எபிரேய வேதத்தில் கடவுளுக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. யோத், ஹே, வாவ், ஹே என்று நான்கு மெய்யெழுத்துகள். சுமார் 6,800 இடங்களில் வருகிறது. யூதர்கள் பயபக்தியால் அந்தப் பெயரை உச்சரிப்பதை விட்டுவிட்டார்கள். கண் அந்த நான்கு எழுத்தைப் பார்க்கும், வாய் ‘அதோனாய்’ என்று படிக்கும். கிட்டத்தட்ட ‘என் ஆண்டவர்’ என்று பொருள். எங்கள் பாஷையில் சொன்னால், டேட்டாபேஸில் ஒரு மதிப்பு, ஸ்கிரீனில் காட்டுவது வேறொன்று.

எபிரேயத்தில் அப்போது மெய்யெழுத்து மட்டும்தான் எழுதுவார்கள். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும். பல நூற்றாண்டு கழித்து, மசோரெட்டுகள் என்ற யூத அறிஞர்கள் உயிர்க்குறிகளைச் சேர்த்தார்கள். நான்கு எழுத்துப் பெயர் வந்த இடத்தில், ‘இங்கே அதோனாய் என்று படி’ என்று நினைவூட்ட அதோனாயின் உயிர்க்குறிகளைப் போட்டார்கள். அந்த மெய்யையும் இந்த உயிரையும் சேர்த்துப் படித்ததில் பிறந்ததுதான் ‘யெகோவா’. உண்மையான உச்சரிப்பு ‘யாவே’யை ஒட்டி இருந்திருக்கும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது

ஆங்கில பைபிளில் இந்தப் பெயர் வரும் இடத்தில் ‘லார்ட்’ என்பதை முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். சாதாரண ‘லார்ட்’ வேறு, இது வேறு என்று கண்ணுக்குத் தெரியும். தமிழில் அதற்கு வழியில்லை. இரண்டு வார்த்தை வேண்டும்.

1871-இல் வெளிவந்த பவர் திருப்புதல் நான்கு எழுத்துப் பெயருக்குக் ‘கர்த்தர்’ என்றும், அதோனாய் போன்ற சொற்களுக்கு ‘ஆண்டவர்’ என்றும் வைத்தது. யாத்திராகமம் 6:3 மாதிரி பெயரே விஷயமாக இருக்கும் சில இடங்களில் மட்டும் ‘யேகோவா’. 1995-இல் வந்த திருவிவிலியமோ நான்கு எழுத்துப் பெயருக்கே ‘ஆண்டவர்’ என்று போட்டது. அப்படியானால் மற்றதற்கு? சங்கீதம் 110:1-இல் ‘தலைவர்’.

மகள் பிடித்தது இதைத்தான். ஒரே ‘ஆண்டவர்’ ஒரு புத்தகத்தில் கேட்கிறவர், இன்னொன்றில் பேசுகிறவர். இரண்டு புரோகிராமில் ஒரே வேரியபிள் பெயர், வேறு வேறு அர்த்தம்.

அந்த வசனத்தின் எபிரேயத்தில் பேசுகிறவர் நான்கு எழுத்துக்காரர். கேட்கிறவர் ‘அதோனி’, அதாவது ‘என் தலைவன், என் எஜமான்’. சாராள் ஆபிரகாமைச் சொன்னதும் இதே வார்த்தைதான். ஆக, சித்தப்பா சொன்னது சரி. இன்றைய தமிழ்க் காதுக்கு ‘ஆண்டவர்’ என்றாலே கடவுள். அப்பா அதை வைத்து வாதாடினார். எபிரேயச் சொல்லில் அந்தப் பலம் இல்லை.

ஆனால் இதுல ஒரு சிக்கல் இருக்கு. மனிதனுக்குச் சொல்லும் ‘அதோனி’க்கும் கடவுளுக்குச் சொல்லும் ‘அதோனாய்’க்கும் மெய்யெழுத்துகள் ஒன்றேதான். வித்தியாசம் உயிர்க்குறியில் மட்டும். அந்தக் குறிகள் அந்தச் சங்கீதத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அவை பழைய வாசிப்பு மரபைக் காப்பாற்றின என்று நம்ப நல்ல காரணம் உண்டு. இருந்தாலும் ஒரு முழுக் கொள்கையையும் அந்தச் சின்னக் குறியில் தொங்கவிட முடியாது.

அசல் கேள்வி வேறு இடத்தில்

பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் வாசித்தவர்களுக்கு நான்கு எழுத்துப் பெயரும் ‘கூரியோஸ்’, எஜமானும் ‘கூரியோஸ்’. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. ரோமர் 10:9-இல் பவுல் இயேசுவைக் கூரியோஸ் என்று அறிக்கையிடச் சொல்கிறார். நாலு வசனம் தள்ளி, கூரியோஸின் பெயரைக் கூப்பிடுகிறவனுக்கு இரட்சிப்பு என்கிறார். அது யோவேல் 2:32. அங்கே எபிரேயத்தில் இருப்பது நான்கு எழுத்துப் பெயர்.

அம்மாவின் புத்தகத்தில் யோவேலிலும் ரோமரிலும் ‘கர்த்தர்’. மனைவியின் புத்தகத்தில் இரண்டிலும் ‘ஆண்டவர்’. கடவுளுக்குச் சொன்னதை இயேசுவுக்குச் சொல்கிறார் என்ற கோடு இரண்டிலும் தெளிவாகத் தெரிகிறது. யெகோவாவின் சாட்சிகளின் புதிய உலக மொழிபெயர்ப்பு, புதிய ஏற்பாட்டில் 237 இடங்களில் ‘யெகோவா’ என்று வைக்கிறது. ரோமர் 10:13-உம் அதில் ஒன்று. அங்கே அந்தக் கோடு அறுந்துபோகிறது.

அவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. பழைய ஏற்பாட்டின் கிரேக்கப் பிரதிகளில் மிகப் பழைய சில துண்டுகளில், நடுவில் எபிரேய எழுத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தின் நியாயம்: கிடைத்திருக்கும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதி எதிலும் அந்த நான்கு எழுத்து இல்லை. எல்லாவற்றிலும் கூரியோஸ் மாதிரியான சொல்தான். இரண்டாவது வாதம் எனக்குக் கனமாகப் படுகிறது. கையில் இருக்கிற பிரதியை வைத்துத்தான் மொழிபெயர்க்க முடியும்.

அதோடு விவாதம் முடிந்துவிடாது. கடவுளின் பெயரை இயேசுவுக்குக் கொடுத்தால் அவரே கடவுள் என்று அர்த்தமா, கடவுளின் பிரதிநிதியாக அந்தப் பெயரைத் தாங்குகிறார் என்று அர்த்தமா? 325-இல் நிகேயா சங்கம், மகன் தந்தையோடு ஒரே தன்மையுள்ளவர் என்று முதல் பதிலைத் தீர்மானித்தது. இரண்டாவது பதிலைச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது அகராதி தீர்க்கிற கேள்வி கிடையாது. நான் அப்பாவின் பக்கம்தான், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை.

மகளிடம் இப்படிச் சொன்னேன்: “பேசுறவர் நாலெழுத்துக்காரர். கேக்கிறவர் ஒரு ராஜா. அந்த ராஜா யாருங்கிறதுலதான் சண்டை.”

சித்தப்பாவுக்குப் போன வாரம் போன் பண்ணினேன். வார்த்தை விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “உங்கப்பா இருக்கும்போது யாராவது சொல்லியிருக்கலாம்” என்றார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருடைய பைபிளோடு வாங்க, மூணு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிக்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறேன்.

“பாக்கலாம்ப்பா” என்றிருக்கிறார்.