அம்மாவுக்கு எல்லாம் தெரியுமா?

"அம்மா, நான் கனவில யானையில ஏறினது உங்களுக்குத் தெரியும்தானே? நீங்களும் அதில நிண்டனீங்கள்!"

நுளம்பு வலைக்குள் படுத்தபடி நான்கு வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பிள்ளை பகிடிக்குக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் கனவை வெளியே நடக்கும் ஒன்றாகவே கருதுகிறார்கள் என்று சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே 1926இல் எழுதினார்.

தனக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது பிள்ளைக்கு மெல்லவே விளங்கும். 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். சிறுவன் ஒருவன் சொக்கலேற்றை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். தாய் அதை வேறோர் அலுமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? மூன்று வயதினர் புதிய இடத்தையே காட்டினர். நான்கு, ஐந்து வயதில்தான் பலருக்குச் சரியான விடை பிடிபடுகிறது. "உங்களுக்கு அது தெரியுமோ, இது தெரியுமோ" என்ற கேள்விகள் குவிவதும் இந்த வயதில்தான்.

எங்கள் வீடுகளில் கேள்வி யானையிலிருந்து சுவரில் தொங்கும் படத்துக்குத் தாவும். "மாமா எங்க இருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் குடும்பத்தில், "வெளிநாட்டில" என்று சொல்லிச் சமாளிக்கத் தோன்றும். "தெரியாது ராசா, தேடிக்கொண்டுதான் இருக்கிறம்" என்பதே உண்மை. பிள்ளைக்கு அவ்வளவு போதும். அம்மாவுக்கும் தெரியாதவை உண்டு என்று விளங்கத் தொடங்கும் வயது அது.

பிறகு கையைப் பிடித்துக்கொண்டு யானைக் கதையைத் தொடருங்கள்.