நட்சத்திரம் சொல்லாத சம்பளக் கணக்கு

சென்ற ஆடியில் என் அக்கா மகள் இரண்டு ஆஃபர் லெட்டர்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சென்னையில் மூன்று ஆண்டுகள் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தவள். பழைய இடத்தில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. ஒரு கடிதம் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள பெரிய நிறுவனத்துடையது. ஆண்டுக்கு 6 லட்சம். மற்றொன்று கிண்டியில் நூறு பேருக்குள் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம். 5 லட்சத்து 40 ஆயிரம். ஊழியர்கள் மதிப்பீடு எழுதும் தளத்தில் பெரியதற்கு 3.9 நட்சத்திரம், சிறியதற்கு அதைவிடக் குறைவு. "இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு?" என்றாள்.

இருந்தது. அன்று இரவு பத்து மணி வரை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வேலை தேடும் எல்லோருக்கும் அந்தக் கணக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த 6 லட்சம். அது சிடிசி, அதாவது அவளுக்காக நிறுவனம் செலவழிப்பதாகச் சொல்லும் மொத்தத் தொகை. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 50,000. ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் வேரியபிள் 60,000, நிறுவனத்தின் பங்காகக் கட்டும் பிஎஃப் 36,000, பணிக்கொடை 14,430, மருத்துவக் காப்பீடு 9,570 என்று நான்கு வரிகள் இருந்தன. அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 4,80,000, மாதம் 40,000. அதில் அவள் பங்கு பிஎஃப் 3,000 போகும். தொழில் வரி சென்னையில் அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250. மாதக் கணக்கில் இருநூறு சொச்சம். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. ஆக, கையில் வருவது ஏறக்குறைய 36,800.

அட்டவணையில் இருந்த பணிக்கொடையை அவள் அதுவரை கவனித்ததே இல்லை. ஓராண்டு வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் வருவது அது. அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று எல்லா ஆஃபர் லெட்டரிலும் ஒரே எண் நிற்பதற்குக் காரணம் இதுதான். நிரந்தர ஊழியர் பொதுவாக ஐந்தாண்டு நிறைந்தால்தான் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்ப்பார். இரண்டு ஆண்டுக்கொரு வேலை மாறும் தலைமுறைக்கு அது காகிதத்தில் மட்டும் இருக்கும் சம்பளம்.

கிண்டி நிறுவனத்தில் வேரியபிள் கிடையாது. காப்பீட்டைச் சம்பளத்துக்குள் சேர்க்கவில்லை. பிஎஃப்பை 15,000 ரூபாய் உச்சவரம்பின் மேல் மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 கட்டுகிறார்கள். பணிக்கொடையையும் கழித்துப் பார்த்தால் கையில் வருவது சுமார் 40,100. அறுபதாயிரம் குறைவான பேக்கேஜ், மாதம் மூவாயிரத்துக்கு மேல் அதிகமாகக் கொடுக்கிறது.

இதை வைத்துச் சிறியதுதான் நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. பிஎஃப் அவளுடைய சேமிப்பு. இரு பங்கையும் சேர்த்தால் பெரிய நிறுவனத்தில் மாதம் 6,000, சிறியதில் 3,600. வேரியபிள் முழுதாகக் கிடைத்தால் பெரியது மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் முந்தும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் சிறியது கொஞ்சம் முந்தும். எல்லாம் அந்த ஒரு வரியில் நிற்கிறது: வேரியபிள் உண்மையில் எத்தனை சதவீதம் கொடுக்கிறார்கள்? ஆஃபர் லெட்டர் இதைச் சொல்லாது. அங்கே வேலை பார்த்தவர்கள்தான் சொல்வார்கள். மதிப்பீட்டுத் தளங்களுக்கு நான் காணும் முதன்மையான பயன் இதுதான்.

யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதினார்கள்

இத்தகைய தளங்களில் ஒன்றான கிளாஸ்டோர் 2008-ல் அமெரிக்காவில் தொடங்கியது. பத்தாண்டு கழித்து ஜப்பானின் ரெக்ரூட் நிறுவனம் 120 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது, வேலை தேடும் தளமான இண்டீடும் அவர்களுடையதே. இங்கே அதிகம் புழங்கும் ஆம்பிஷன்பாக்ஸ், நௌக்ரியை நடத்தும் இன்ஃபோ எட்ஜுக்குச் சொந்தம். எழுதுகிறவர்கள் ஊழியர்கள், படிக்கிறவர்கள் வேலை தேடுகிறவர்கள். ஆனால் கிளாஸ்டோர் போன்ற தளங்களுக்குப் பெரும்பாலும் வருமானம் தருகிறவர்கள் ஆள் எடுக்கும் நிறுவனங்கள். இது சதி ஒன்றும் இல்லை, தொழில் அப்படி அமைந்திருக்கிறது. படிக்கும்போது நினைவில் இருந்தால் போதும்.

மனம் கொதித்துப்போய் வெளியேறியவர் எழுதுவார். சேர்ந்த வாரமே எச்ஆர் கேட்டுக்கொண்டதற்காக ஐந்து நட்சத்திரம் போடுகிறவரும் எழுதுவார். நடுவில் இருக்கும் பெருங்கூட்டம், காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்புகிறவர்கள், பெரும்பாலும் எழுதுவதில்லை. மற்றவர்களின் தகவலைப் பார்க்க வேண்டுமானால் உன் தகவலைக் கொடு என்று கிளாஸ்டோர் வைத்த விதி இந்தச் சாய்வைக் குறைப்பதாக 2018-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதன் மறுபக்கமும் உண்டு. 2019 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், கிளாஸ்டோரில் ஒரே மாதத்தில் மதிப்பீடுகள் திடீரென்று எகிறிய நானூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் கண்டறிந்தது. அப்படி எகிறிய மாதங்களில் ஐந்து நட்சத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன.

எங்கள் கிண்டி நிறுவனத்திலும் அதைக் கண்டோம். மொத்தமே ஒன்பது மதிப்பீடுகள். அவற்றில் ஆறு மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் வந்தவை, எல்லாம் ஐந்து நட்சத்திரம், எல்லாவற்றிலும் "நல்ல கற்றல் சூழல்". அந்த ஆறையும் தள்ளிவிட்டு மிச்ச மூன்றைப் படித்தோம். நட்சத்திரம் குறைந்ததுதான், ஆனால் அந்த மூன்றிலும் விவரம் இருந்தது: நோட்டீஸ் காலம் 30 நாள், சம்பள உயர்வு ஏப்ரலுக்குப் பதில் ஜூலையில், சனிக்கிழமை மாதம் ஒன்று வேலை. "மேனேஜ்மென்ட் மோசம்" என்ற வரியை யார் வேண்டுமானாலும் எந்த நிறுவனத்துக்கும் எழுதலாம். மாதம் ஒரு சனிக்கிழமை என்பதை அங்கே உட்கார்ந்தவர்தான் எழுத முடியும். படிக்கும்போது சரிபார்க்க முடிகிற விவரத்துக்குக் கீழே கோடு போடுங்கள், உணர்ச்சியைக் கடந்து போங்கள்.

தேதியையும் பார்க்க வேண்டும். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் ஆண்டுக் கணக்கில் 28.4 சதவீதம் பேர் வெளியேறினார்கள். ஆள் கிடைக்காமல் நிறுவனங்கள் அள்ளிக் கொடுத்த காலம் அது. அப்போது பதிவான சம்பளத்தை இன்றைக்கு எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வீட்டிலிருந்து வேலை பற்றி அப்போது எழுதியவையும் பல இடங்களில் காலாவதி. கடைசி ஓராண்டு, தன் ஊர், தன் பிரிவு என்று வடிகட்டினால் ஆயிரம் மதிப்பீடு முப்பதாகச் சுருங்கும். அந்த முப்பதுதான் உங்களுக்கானது.

சராசரி என்ற கண்கட்டு

சம்பளப் பக்கத்தில் பெரிய எழுத்தில் நிற்பது பெரும்பாலும் சராசரி. ஐந்து பேர் பதிந்திருக்கிறார்கள் என்று வையுங்கள்: 4, 4, 4.5, 5, 18 லட்சம். சராசரி 7.1 லட்சம். அந்தத் தொகையை ஐவரில் ஒருவரும் வாங்கவில்லை. வரிசையில் நடுவில் நிற்கிறவரின் 4.5 லட்சம்தான் உங்களுக்கு நெருக்கமான எண். இடைநிலைச் சம்பளம் என்று தளம் காட்டினால் அதை எடுங்கள். காட்டாவிட்டால் குறைந்தபட்சம், அதிகபட்சம், எத்தனை பேர் பதிந்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பதிகிறவர்களில் ஒருவர் சிடிசியை எழுதுவார், ஒருவர் கையில் வருவதைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதுவார், இன்னொருவர் ஒரே முறை கிடைத்த ஜாய்னிங் போனஸையும் சேர்த்துவிடுவார்.

அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு இந்தச் சந்தேகமே வேண்டாம். எச்1பி விசாவில் ஆள் எடுக்கும் நிறுவனம் என்ன பதவிக்கு, எந்த ஊரில், எவ்வளவு சம்பளம் என்று அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்நாட்டுத் தொழிலாளர் துறை அவற்றை நிறுவனத்தின் பெயரோடு வெளியிடுகிறது. பங்கு, போனஸ் அதில் இராது. அடிப்படைச் சம்பளம் இருக்கும். கொலராடோவில் 2021 முதலும் கலிஃபோர்னியாவில் 2023 முதலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். முந்தைய சம்பளத்தைக் கேட்பதையே கலிஃபோர்னியா 2018-ல் தடை செய்துவிட்டது. இங்கே முதல் தொலைபேசி அழைப்பிலேயே "கரண்ட் சிடிசி, எக்ஸ்பெக்டட் சிடிசி" என்று கேட்கிறார்கள். முதல் வேலையில் குறைவாக வாங்கியவரை அந்தக் கேள்வி வாழ்நாள் முழுக்கத் துரத்துகிறது. மூன்றரை லட்சத்தில் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்திலும் அதன் மேல் முப்பது சதவீதம் என்று பேரம் பேசப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கு, அதே வேலைக்குச் சந்தை என்ன தருகிறது என்று பார்க்க முடிவது பெரிய விடுதலை. இந்தத் தளங்களின் எல்லாக் குறைகளையும் மீறி நான் அவற்றுக்கு ஆதரவாக நிற்பது இதற்காகத்தான்.

யாரும் பார்க்காத பக்கங்கள்

நிறுவனம் தன் கையாலேயே எழுதிய மதிப்பீடு ஒன்று உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால், 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 197-வது பிரிவுப்படி, ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். இயக்குநருக்கு 10 கோடி, விகிதம் 160 மடங்கு என்றால், நடு ஊழியரின் ஊதியம் 6 லட்சத்து 25 ஆயிரம். வகுத்தால் வந்துவிடும். அந்த இடைநிலை ஊதியம் போன ஆண்டைவிட எத்தனை சதவீதம் ஏறியது என்பதும் அங்கேயே இருக்கும். வெளிநாட்டு ஊழியர்களைச் சேர்த்த கணக்கா என்று மட்டும் அடிக்குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் நிரந்தர ஊழியர்கள் எத்தனை சதவீதம் வெளியேறினார்கள் என்று மூன்று ஆண்டுக் கணக்கு, ஆண் பெண் என்று பிரித்து இருக்கும். இருபாலரின் இடைநிலை ஊதியம் தனித்தனியே இருக்கும். பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எத்தனை வந்தன, எத்தனை நிலுவை என்றும் இருக்கும். ஆண்களைவிடப் பெண்கள் அதிக சதவீதத்தில் ஆண்டுதோறும் வெளியேறும் ஓர் அலுவலகத்தைப் பற்றி நட்சத்திரம் என்ன சொன்னால் என்ன? வேலை தேடும் பெண்கள் தளத்துக்குப் போகும் முன் இந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது என் ஆசை. அக்கா மகளும் அன்றுதான் முதல்முறை திறந்தாள்.

சிறிய நிறுவனத்துக்கு ஆண்டறிக்கை கிடைக்காது. ஆனால் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு, எத்தனை ஊழியருக்கு, எந்தத் தேதியில் பணம் கட்டினார்கள் என்று பார்க்கலாம். கிண்டி நிறுவனம் ஒரு மாதமும் தவறவில்லை. இரண்டு ஆண்டில் தலைகள் எழுபதிலிருந்து தொண்ணூற்றாறாகியிருந்தன. சந்தேகமான ஆறு மதிப்பீடுகளால் இழந்த நம்பிக்கையை இந்த ஒரு பக்கம் மீட்டது.

வேரியபிள் கேள்விக்கு விடை இரண்டு இடத்தில் கிடைத்தது. பெரிய நிறுவனத்தைப் பற்றி ஓராண்டுக்குள் சென்னையிலிருந்து எழுதியவர்களில் பலர் பாதி அளவையே குறிப்பிட்டிருந்தார்கள். அங்கிருந்து விலகிய கல்லூரி சீனியர் ஒருத்தியை அழைத்தாள். "முதல் வருஷம் 55 பர்சன்ட், அடுத்த வருஷம் 40. நைட் ஷிஃப்ட் பத்தி இன்டர்வியூல கேட்டியா?" என்றாள் அந்தப் பெண். கேட்கவில்லை.

மறுநாள் எச்ஆரிடம் கேட்டாள்: என் நிலையில் இருப்பவர்களுக்குப் போன நிதியாண்டில் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள், இந்த புராஜெக்டில் ஷிஃப்ட் உண்டா? தளத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னால் பேச்சு தளத்தைப் பற்றியதாகத் திரும்பிவிடும். வேரியபிள் நிறுவனத்தின் செயல்பாட்டைப் பொறுத்தது என்றார்கள். ஷிஃப்ட், ஆம், மாதத்தில் இரண்டு வாரம். சம்பள அமைப்பை மாற்ற முடியாது, வேண்டுமானால் 40,000 ஜாய்னிங் போனஸ். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்.

கிண்டிக்காரர்களிடம் 5 லட்சத்து 60 ஆயிரத்திலிருந்து 6 லட்சம் வரை எதிர்பார்ப்பதாகச் சொன்னாள். 5 லட்சத்து 65 ஆயிரத்துக்குப் புதிய கடிதம் வந்தது. அவள் குடியிருக்கும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நேராகக் கிண்டியில் இறங்கலாம். ஆவணி முதல் வாரம் சேர்ந்துவிட்டாள்.