வேண்டாத அழைப்புக்கு "வேண்டாம்" என்போம்

நான் வேலை செய்யும் கிராமங்களில் கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. வெளிநாட்டு உறவுகளோடு பேசவும், கூலிவேலை எங்கே என்று அறியவும் அது உதவுகிறது. "கடன் தருகிறோம்", "பரிசு விழுந்திருக்கிறது" என்ற தெரியாத குரல்களும் அதில்தான் வருகின்றன.

தெரியாத இலக்கத்தை எடுக்காதீர்கள் என்று இலகுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் காணாமல்போன மகனைத் தேடும் தாயொருவர் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, நான் எந்த நம்பரையும் வெட்டமாட்டன். அவன்ர செய்தியாயிருந்தால்?" மனம் பதைக்க ஓடிச்சென்று எடுப்பவருக்கு மறுமுனையில் கேட்பது கடன் விளம்பரம். இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்க முடியவில்லை.

நுண்கடன் எங்கள் பெண்களை வாட்டிய விதம் நாம் அறிந்ததே. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் கட்டமுடியாமற்போன ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. எனவே கடன் அழைப்புக்கு அவசரத்தில் "ஓம்" சொல்லக்கூடாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நமது சம்மதமின்றித் தபாலிலோ தொலைபேசியிலோ விளம்பரம் அனுப்பக்கூடாது என்கிறது. விலகும் வழியையும் இலவசமாகத் தரவேண்டும். அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது 2025இல் பின்போடப்பட்டது. ஆனாலும் "வேண்டாம்" என்று சொல்ல நாம் காத்திருக்கத் தேவையில்லை.

சகோதரிகளே, இவற்றைச் செய்து பாருங்கள்:

* அழைப்பவரின் நிறுவனத்தையும் கிளையையும் கேளுங்கள். "என் இலக்கத்தைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்" என்று சொல்லி, திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

* மீண்டும் அழைத்தால் கிளை முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியை வைத்திருங்கள். தபாலில் வரும் விளம்பரத்துக்கும் இவ்வாறே செய்யலாம்.

* தொல்லைதரும் அந்த இலக்கத்தை மட்டும் தொலைபேசியில் தடைசெய்யுங்கள். மற்ற அழைப்புகள் வழமைபோல வரும்.

* விளம்பரக் குறுஞ்செய்திகளை நிறுத்தும்படி உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் கேளுங்கள். தெரியாதவர் அனுப்பும் இணைப்பை அழுத்தவேண்டாம்.

* சீட்டிழுப்புக் கூப்பனிலும் கடைப் படிவத்திலும் தேவையில்லாமல் இலக்கத்தை எழுதாதீர்கள்.

* அடையாள அட்டை இலக்கத்தையோ, வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தையோ தொலைபேசியில் எவருக்கும் சொல்லாதீர்கள்.

தொல்லை தொடர்ந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். எழுதத் தயங்குபவர்களுக்கு மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் உதவலாம். ஒரு கடிதம் எழுத அரை மணித்தியாலம் போதும். அந்தத் தாயின் தொலைபேசி வீணாக அடிப்பதைக் குறைக்க அது பெறுமதியான அரை மணித்தியாலம்.