எல்லை கடந்த சபை

பெங்களூரில் விதான சௌதாவின் கருங்கல் மாளிகையை அண்ணாந்து பார்ப்பவர், இந்நகரத்தாரைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இங்கும் டில்லியிலுமே பிறக்கின்றன என்று எண்ணுவது இயல்பு. ஆயினும், இவ்வூர் மென்பொருள் நிலையங்களில் பணிபுரிவோர் ஐரோப்பிய வாடிக்கையாளரின் சொந்த விவரங்களை எவ்வாறு காக்கவேண்டும், எப்போது அழிக்கவேண்டும் என்று விதிக்கும் சட்டமோ, 2016இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் சம்மதம் பெற்று, 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. அதை மீறும் ஸ்தாபனம், உலகெங்கும் தனக்குள்ள ஆண்டு வரவில் நூற்றுக்கு நான்கு பங்குவரை அபராதம் செலுத்த நேரலாம்.

1952இல், நிலக்கரிக்கும் எஃகுக்குமாக ஆறு தேசங்கள் அமைத்த கூட்டமைப்பில், அந்தந்த நாட்டுப் பாராளுமன்றங்கள் அனுப்பிய அங்கத்தினரைக் கொண்டு ஆலோசனை மன்றமாகத் தொடங்கிய ஐரோப்பியப் பாராளுமன்றமென்னும் அச்சபை, 1979 ஜூனில் முதன்முறையாக ஜனங்களின் நேரடி வாக்கைப் பெற்றது. இன்று 27 தேசங்களிலிருந்து ஐந்தாண்டுக்கொருமுறை தேர்ந்தெடுக்கப்படும் 720 பிரதிநிதிகளில் ஜெர்மனிக்கு 96 பேர், மால்டாவுக்கு 6 பேர். அவர்கள் அமர்வதோ தேசவாரியாக அன்று, கொள்கைவாரியாக.

அதன் அதிகாரம் விசித்திரமானது. நம் லோக்சபையில் தனி அங்கத்தினரும் மசோதா கொண்டுவரலாம். அங்கே மசோதாவை முன்மொழியும் உரிமை பெரும்பாலும் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கே உண்டு. வரி விதிக்கவும் சபையால் இயலாது. ஆனால், பெரும்பாலான துறைகளில், அத்தேசங்களின் அமைச்சர் மன்றமும் சபையும் ஒருங்கே இசைந்தாலன்றி மசோதா சட்டமாகாது. வரவுசெலவுத் திட்டமும் அவ்வாறே. போலிப் பொருள் வாணிகத்தைத் தடுக்கவென்று அரசாங்கங்கள் கையொப்பமிட்ட சர்வதேச ஒப்பந்தத்தை, 2012 ஜூலையில், 39 வாக்குகளுக்கு எதிராக 478 வாக்குகளால் அது நிராகரித்தது. மூன்றில் இரு பங்கினர் வாக்களித்தால் ஆணையத்தையே நீக்கலாம். அந்த அச்சத்தாலேயே 1999 மார்ச்சில் ஆணையம் முழுவதும் ராஜிநாமாச் செய்தது.

1986 நவம்பரில், தென்னாசியாவின் ஏழு தேசத் தலைவர்கள் இதே பெங்களூரில் கூடி, தங்கள் பிராந்தியக் கூட்டமைப்பான சார்க் அமைப்புக்குக் காட்மாண்டுவில் ஒரு செயலகம் அமைக்க உடன்பட்டார்கள். வாக்காளர் அனுப்பும் சபை எதையும் அவ்வமைப்பு பெறவில்லை. எல்லா முடிவும் ஏகமனதாக வேண்டும், இரு நாடுகளுக்கிடையிலான பிணக்குகள் பேசப்படலாகா என்பது அதன் சாசனம். 2014இல் காட்மாண்டுவில் கூடியதற்குப் பின் அதன் உச்சிமாநாடு நடைபெறவே இல்லை. ஐரோப்பாவிலும் அரசாங்கங்கள் பிணங்காமல் இல்லை. எனினும், 1979 முதல் ஒரு தவணைகூடத் தவறாமல் அங்கே தேர்தல் நடந்துவருகிறது.