7 வயசுல இலக்கணமா? அவசரப்படாதீங்க, அம்மா!

சென்னை—

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லித் தரும் தாய்மார்களே! இலக்கணப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள்.

மயிலாப்பூரில் ஒரு வீடு. 7 வயதுச் சிறுவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான்.

"எழுவாய் எது, பயனிலை எதுன்னு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறான். பரீட்சையில பெயிலாயிடுவானோ?" என்று கலங்கினார் தாய்.

பயம் வேண்டாம்! தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 10-ம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது ஆகவேண்டும். முழுசா 7 வருஷம் இருக்கு!

நாக்கிலேயே இருக்கு

"அக்கா வந்தான்" என்று எந்தப் பிள்ளையாவது சொல்கிறதா? "டீ கடை" என்கிறதா? "டீக்கடை" என்றுதான் சொல்கிறது. ஆண்பால், பெண்பால், ஒற்று எல்லாம் நாக்கிலேயே இருக்கிறது. பெயர்தான் தெரியாது.

எப்போது? எப்படி?

முதலில் கதை சொல்லுங்கள். வாய்விட்டுப் படிக்க வையுங்கள். கடைவீதிப் போர்டுகளில் பிழை பிடிக்கச் சொல்லுங்கள். சொந்தமாக நாலு வரி எழுத வந்த பிறகு, 9, 10 வயசில் இலக்கணத்தை எடுங்கள்.

அதுவரை விளையாட்டுதான்! "வேலை கொடு" என்றால் உத்தியோகம் கேட்கிறான். "வேலைக் கொடு" என்றால் முருகனின் வேலையே கேட்கிறான்!

இதைச் சொன்னதும் அழுத பையன் குபீரென்று சிரித்துவிட்டான்.

ஒரே ஒரு "க்". அன்றைக்கு அந்தப் பாடம் போதும்!