ஒரு பொழுது, இரு மணி

வெருகல் ஆற்றின்மேல் உதிக்கும் ஞாயிறு ஒன்றே. ஆயினும் ஒரே பொழுதுக்கு இலங்கையில் இரு மணி வழங்கிய காலம் உண்டு. மின்வெட்டுக்கு அஞ்சி 1996 மே மாதம் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன் தள்ளியது. ஒக்டோபரில் அரைமணி குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டு நிலத்திலோ பழைய நேரமே நீடித்தது. வெருகல் பகுதியும் பல்லாண்டு அந்நிலத்தைச் சேர்ந்திருந்தது. சோதனைச் சாவடியைக் கடந்தவர் அரைமணியையும் கடந்தார். 2006 ஏப்ரல் 15இலே கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பியது.

இன்று கணினியில் பலர் கூடி ஒரே கட்டுரையை எழுதுகின்றனர். அந்த உரைத் தொகுப்பியின் மூலையில் மணி தெரிகிறது. “பத்து மணிக்குள் முடிப்போம்” என்றால், யாருடைய பத்து? ஆதலின் அதனை அமைப்போர், 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் உலகப் பொது நொடிக்கணக்கையே உள்ளே வைத்தல் வேண்டும். வெளியே அவரவர் ஊர் மணியைக் காட்டலாம். எத்தனை சாளரம் திறந்தாலும் எண்ணும் பொறி ஒன்றே போதும்.

கணினிகள் நம்பும் உலக நேர ஏட்டிலும், தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியினர் கொல்கத்தா நேரத்தைக் கொள்ளலாம் என்றொரு குறிப்பு இடம்பெற்றது. எங்கோ ஒருவர் நம் அரைமணியையும் மதித்து எழுதிவைத்தார். கணக்கு பொதுவாகட்டும், காட்சி அவரவர்க்கு உரியதாகட்டும்.