இலை காட்டும் குறி

மனிதன் தனக்கு உற்ற நோயை வாயால் எடுத்துரைக்கின்றான். செடிகொடிகளுக்கு வாய் இல்லை. அவை தம் குறையை இலைகளின் வாயிலாகவே புலப்படுத்துகின்றன. நிறம் மாறுதல், சுருளுதல், புள்ளி விழுதல், துளைபடுதல் ஆகியவையே அவற்றின் மொழி. அம்மொழியை அறிந்தவரே சிறந்த தோட்டக்காரர் ஆவர்.

வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு பாத்தி. அதில் தண்டுக்கீரை செழித்து வளர்கின்றது. திடீரென இலைகள் மஞ்சள் நிறம் அடைகின்றன. ஒருவர், 'எரு போதவில்லை' என்று எருவைக் கொட்டுகின்றார். மற்றொருவர், 'பூச்சி விழுந்துவிட்டது' என்று நஞ்சைத் தெளிக்கின்றார். இருவருமே இலையை உற்று நோக்கவில்லை. நோய் இன்னது என்றும், அது தோன்றிய காரணம் இன்னது என்றும் தெளிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. மக்களுக்குக் கூறிய அந்நெறி பயிர்களுக்கும் பொருந்துவதாகும்.

முதற்கண் காணத்தக்கது, மஞ்சள் நிறம் எந்த இலையில் தோன்றியது என்பதாகும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் வெளிறி, நுனித்தளிர் பசுமையாக இருப்பின், தழைச்சத்துக் குறைந்தது எனக் கருதலாம். மண்ணில் அச்சத்துக் குறையும்போது, செடி அதனை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துத் தளிர்களுக்கு அனுப்புகின்றது. தாய் தான் உண்ணாது குழந்தைக்கு ஊட்டுவது போன்றது இச்செயல். நன்கு மக்கிய தொழுவுரம் இட்டால் இக்குறை நீங்கும்.

இதற்கு மாறாக, தளிர் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்குமாயின், அஃது இரும்புச்சத்துக் குறைவின் குறியாகும். இரும்புச்சத்து முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்கு எளிதில் செல்வதில்லை. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில், மண்ணில் இரும்பு இருந்தும் வேர்கள் அதனை எளிதில் கொள்ள இயலாது.

மண் எந்நேரமும் சேறாக இருப்பினும் இலை மஞ்சளாகும். நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. வேர் அழுகத் தொடங்குகின்றது. அழுகும் வேருக்கு எரு இட்டுப் பயன் என்ன? நீரை வடியச் செய்தலே அதற்கு மருந்து.

அடுத்து, இலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மேற்புறம் மஞ்சள் திட்டும், கீழ்ப்புறம் வெண்ணிறக் கொப்புளங்களும் காணப்படின், அது வெண்துரு நோய். ஈரம் மிகுந்த காலத்தில் அது விரைந்து பரவும். நோயுற்ற இலைகளைக் கிள்ளி அகற்றி, நெருக்கமாக உள்ள செடிகளைக் களைந்து காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். இலை நனையாமல் வேரடியில் நீர் பாய்ச்ச வேண்டும்.

இலை சுருண்டு பிசுபிசுத்து, அதில் எறும்பு ஊர்ந்தால், அசுவினிப் பூச்சியைத் தேடுக. நீரை விசையுடன் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அசுவினியை உண்ணும் பொறிவண்டு அங்கே இருக்குமாயின், அது தோட்டத்தின் நண்பன் என அறிந்து காத்தல் வேண்டும். இலைகளைப் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழுக்களைக் கையால் எடுத்து அழிக்கலாம். புழு மிகுந்தால், 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம். பூச்சிகளின் பசியை அடக்கும் அசாடிராக்டின் என்னும் பொருளை 1968-ஆம் ஆண்டில் அறிவியலார் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தனர்.

கீரையில் இலையே உணவு. இன்று அதன்மேல் தெளிக்கும் நஞ்சு நாளை உண்கலத்தை அடையக்கூடும். சத்துக் குறைவால் வெளிறிய செடிக்கு அந்நஞ்சால் நன்மையும் இல்லை. பொறிவண்டு போன்ற நண்பர்களே மடிந்தொழியும். ஆதலின், கை செயற்படுமுன் கண் செயற்படுதல் வேண்டும். நாள்தோறும் காலையில் பாத்தியருகே சிறிது நேரம் நின்று, இலையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் நோக்குபவருக்குச் செடி தன் குறையைத் தானே உணர்த்திவிடும்.